ஏழு டாலர் செஞோ

காலை ஆறரை மணி. ஹாஸ்டல் மொட்டை மாடி. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன், காதில் இயர்போன். ரூம்மேட்டைப் பொறுத்தவரை நான் யாரோ ஒரு பையன்கிட்ட கடலை போடுறேன். "காலங்காத்தால என்னடி அப்படி ஒரு சிரிப்பு?" என்று ஒருநாள் பூனை மாதிரி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். போனில் இருந்தது, கண்ணாடி போட்ட, நாற்பத்தைந்து வயது டீச்சர்! பாவம், ஒரு வாரம் என்னிடம் பேசவே இல்லை. அவ்வளவு ஏமாற்றம்.

ஆமாம் ஃப்ரெண்ட்ஸ், நான் ஸ்பானிஷ் படிக்கிறேன். சிவில் மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணுக்கு ஸ்பானிஷ் எதுக்குன்னு கேட்காதீங்க. "சென்னையில ஸ்பானிஷ் தெரிஞ்சா சம்பளம் தனி ரேஞ்ச்" என்று ஒரு சீனியர் அக்கா கொளுத்திப் போட்டாங்க. பற்றிக்கொண்டது. அவ்வளவுதான் மேட்டர்.

நெட்டில் தேடினால், உலகத்தில் மலிவாக, ஒரு டீச்சர் ஒரு ஸ்டூடன்ட் கணக்கில் ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்க ஒரு ஊரே இருக்கிறது. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில், ஆன்டிகுவா. மூன்று எரிமலைகளுக்கு நடுவில், கடல் மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற குட்டி ஊர். எனக்குப் புதன்கிழமை காலை ஆறரை என்றால் அங்கே செவ்வாய்க்கிழமை இரவு ஏழு. பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நான் கொட்டாவியோடு ஆரம்பிப்பேன், அவங்க கொட்டாவியோடு முடிப்பாங்க.

ஒரு மணி நேரத்துக்குப் பத்து டாலர் என்று சொன்னாங்க. நம்ம காசுக்கு எண்ணூற்றுச் சொச்சம். நான் விடுவேனா? "நான் ஸ்டூடன்ட், எங்கப்பா ஒரே ஆள் சம்பளம், வாரம் ரெண்டு கிளாஸ் கண்டிப்பா எடுத்துப்பேன்" என்று என்னவெல்லாமோ பிட்டைப் போட்டு ஏழு டாலரில் கொண்டுவந்து நிறுத்தினேன். 2025 ஜனவரியில் நடந்த அந்தச் சாதனையை ஹாஸ்டலில் காலர் தூக்கிவிட்டுச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

அவங்களை நான் 'செஞோ' என்று கூப்பிடுவேன். குவாத்தமாலாவில் பிள்ளைகள் டீச்சரை அப்படித்தான் கூப்பிடும், நாம மிஸ் என்கிற மாதிரி. ஸ்பானிஷில் தலையில் அலைக்கோடு போட்ட ஒரு எழுத்து இருக்கிறது. அமெரிக்க ஸ்டூடன்ட்ஸ் அதைச் சொல்லத் தண்ணி குடிப்பாங்களாம். நான் முதல் நாளே பட்டென்று சொன்னதும் செஞோவுக்கு ஆச்சரியம். அது நம்ம 'ஞ'தான் என்று எனக்குத்தானே தெரியும்!

இன்னொன்றும் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். 'ஃபீஹெசே கே...' என்று அவங்க ஆரம்பித்தால் ஏதோ கெட்ட செய்தி வரப்போகுதுன்னு அர்த்தம். 'அது வந்து பாருங்களேன்...' என்று நாம இழுக்கிற மாதிரி. கிளாஸ் கேன்சல் என்றாலும் ஃபீஹெசே கே, கரன்ட் போச்சு என்றாலும் ஃபீஹெசே கே.

கிளாஸ் நடுவில் போனைத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவாங்க. கல் பாவின தெரு, மஞ்சள், காவி, நீலச் சுவர்கள், வாசல் வழியா எட்டிப் பார்த்தால் நடுவில் முற்றம். பாதி ஊர் இடிந்த சர்ச்சுகள். 1773 ஜூலை 29-ம் தேதி வந்த பூகம்பத்தில் விழுந்தவை. அப்போ இதுதான் தலைநகரம். மெக்சிகோவின் தெற்கு ஓரத்திலிருந்து கோஸ்டாரிகா வரை இங்கிருந்துதான் ஸ்பெயின்காரங்க ஆண்டாங்க. பூகம்பத்துக்குப் பிறகு, "எல்லாரும் காலி பண்ணுங்க" என்று உத்தரவு வந்து, 1776-ல் புதுத் தலைநகரம் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. அதுதான் இன்றைய குவாத்தமாலா சிட்டி. உத்தரவை மீறி இங்கேயே தங்கிவிட்ட கொஞ்சம் பேரால்தான் இந்த ஊர் பிழைத்தது. ஆன்டிகுவா என்றால் பழையது என்று அர்த்தம்.

"இந்த லா மெர்செட் சர்ச் மட்டும் ஏன் விழலைன்னு சொல்லுங்க பார்க்கலாம், இன்ஜினியர்" என்று ஒருநாள் மடக்கினாங்க. 1767-ல் கட்டி முடித்த மஞ்சள் சர்ச் அது. உற்றுப் பார்த்தேன். குட்டையான கோபுரங்கள், யானைக்கால் மாதிரி தடித்த சுவர்கள், சின்னச் சின்ன ஜன்னல்கள். "உயரத்தைக் குறைச்சு அடியில் கனத்தைப் போட்டிருக்காங்க செஞோ, அதான்" என்றேன். நாலு செமஸ்டரில் படித்ததை முதல்முறையா ஒரு மனுஷிக்குப் புரியற மாதிரி சொன்ன பெருமை எனக்கு.

அப்புறம் ஏப்ரல் வந்தது. நான் பல்பு வாங்கிய மாதம்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஆன்டிகுவாவே தெருவில்தான் இருக்கும். சர்ச்சிலிருந்து இயேசுவின் சிலையைப் பெரிய மரமேடையில் வைத்து ஊர்வலமா தூக்கிட்டு வருவாங்க. மேடைக்கு 'ஆன்டா' என்று பேர். ஊதா அங்கி போட்ட ஆண்கள், பெரிய மேடை என்றால் ஒரு தடவைக்கு எண்பது பேர் வரை, தோள் கொடுப்பாங்க. மாதா சிலைக்குப் பெண்கள். புனித வெள்ளி மதியம் மூன்று மணிக்கு மேல் ஊதா அங்கி கருப்பாக மாறிவிடும். இந்த ஊர்வலம் நடந்து போக, தெருக்காரங்க கார்ப்பெட் போடுவாங்க. 'அல்ஃபோம்ப்ரா'. துணி இல்லை. சாயம் போட்ட மரத்தூள்!

முதலில் மணலோ மரத்தூளோ கொட்டிக் கல் தெருவைச் சமமாக்கணும். அதன்மேல் அட்டையில் வெட்டிய டிசைனை வைத்துக் கலர் தூளைச் சலிக்கணும். நடுவில் கால் படக்கூடாதுன்னு குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்யணும். காற்றில் பறக்காமலிருக்க அடிக்கடி தண்ணி தெளிக்கணும். ஓரத்துக்குப் பைன் இலை, பூ, பழம். வியாழக்கிழமை ராத்திரி முழுக்க யாரும் தூங்க மாட்டாங்க. செலவு அந்தந்த வீட்டுக்காரங்களோடது.

இங்கே புனித வெள்ளி லீவு. ஊரில் இருந்தேன். மதியம் மூன்றரைக்கு செஞோ வீடியோ கால். அங்கே விடியற்காலை நாலு மணி. நீல மயில், சிவப்பு ரோஜா, மஞ்சள் பார்டர் என்று தெரு முழுக்க ஜொலிக்குது. செஞோ கை முழுக்கச் சாயம். பின்னால் பேண்ட் வாத்தியத்தில் இழவு வீட்டு இசை மாதிரி மெதுவா ஒரு மார்ச். சாம்பிராணிப் புகை. ஆடி அசைந்து வந்த ஆன்டா அந்தக் கார்ப்பெட் மேலேயே ஏறி... ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. மயில் காலி. கடைசி ஆள் போனதும் முனிசிபாலிட்டி ஆட்கள் மண்வாரி, லாரியோடு வந்து மிச்சத்தை அள்ளிட்டுப் போயிட்டாங்க.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இவ்வளவு வேலையும் வேஸ்ட்தானே செஞோ?"

பதில் வரவில்லை. "தூக்கம் வருது, புதன்கிழமை பார்க்கலாம்" என்று கட் பண்ணிட்டாங்க. ஸ்பானிஷில் தப்பா ஏதோ உளறிட்டேனோன்னு டிக்‌ஷனரியைப் புரட்டினேன். வார்த்தை எல்லாம் கரெக்டாத்தான் இருந்தது.

புதன்கிழமை கிராமரை ஓரமா வைத்துவிட்டுச் சொன்னாங்க. 2020-ல் கொரோனா. ஊர்வலம் கிடையாது, சாயங்காலத்துக்கு மேல் ஊரடங்கு. 2021-லும் தெரு ஊர்வலம் இல்லை. "எங்கம்மா கேட்கலை. வாசல்லயே ஒரு பாய் அளவுக்குச் சின்னதா ஒண்ணு போட்டோம். காலையில எழுந்து பார்த்தா அப்படியே இருக்கு. ஒரு பூ கலையலை. மத்தியானம் நானே துடைப்பத்தை எடுத்துக் கூட்டி அள்ளினேன். என் வாழ்க்கையில் வேஸ்ட்டான அல்ஃபோம்ப்ரா அது ஒண்ணுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஸ்பானிஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

2022-ல் யுனெஸ்கோ இந்தப் புனித வாரத்தை மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. ஊர் 1979-லேயே உலகப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. "அப்போ எல்லாம் பத்திரமா இருக்கும், இல்ல?" என்று கேட்டேன்.

"ஃபீஹெசே கே..." என்று ஆரம்பித்தாங்க.

செஞோ இப்போ ஆன்டிகுவாவிலேயே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கார்ப்பெட் போட்ட அந்தத் தெருவில் பத்தொன்பது வருஷம் வாடகைக்கு இருந்தவங்க. கொரோனா முடிந்து டூரிஸ்ட் திரும்பினதும் வீட்டுக்காரர் வீட்டை எடுத்து, ரூம் ரூமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டார். பக்கத்து வீடு காபி ஷாப். எதிர்வீடு ஹோட்டல். அதே தெருவில் இன்னொரு வீட்டு வாடகை அவங்க மாச வருமானத்தைத் தாண்டிடுச்சு. கொஞ்ச தூரம் தள்ளி சியூடாட் வியெஹாவில் குடியேறிட்டாங்க. ஆன்டிகுவாவுக்கு முன்னால் தலைநகரம் அந்தப் பக்கம்தான் இருந்தது. 1541-ல் ஆகுவா எரிமலைச் சரிவிலிருந்து சேறும் தண்ணியும் வந்து மூடினதால்தான் ஆன்டிகுவாவையே கட்டினாங்க. "ஐந்நூறு வருஷம் ஆகப்போகுது. எல்லாரும் ஓடி வந்த ஊருக்கு நான் திரும்பிப் போயிருக்கேன்" என்று சிரிச்சாங்க.

இந்த ஊரைப் பாதுகாக்க 1969-லேயே தனிச்சட்டம் இருக்கு. சுவருக்கு என்ன கலர், போர்டு எவ்வளவு பெருசு எல்லாத்துக்கும் அனுமதி வேணும். பர்கர் கடைகூடப் பழைய வீட்டுக்குள் அடக்கமாத்தான் இருக்கு. "சுவரை யாரும் தொட முடியாது. சுவருக்குள்ள இருந்த எங்களை யார் வேணும்னாலும் கிளப்பலாம். 1773-ல் பூகம்பமும் ராஜா உத்தரவும் சேர்ந்து விரட்டியும் போகாத ஊர் இது. வாடகை விரட்டுது பாருங்க" என்றாங்க.

அப்போ அந்த மயில்? வியாழக்கிழமை சாயங்காலம் பழைய தெருக்காரங்க ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஹோட்டல் வாசலில் போட்டது. (அந்த பஸ்ஸே தனிக்கதை. அமெரிக்காவில் ரிட்டயர் ஆன ஸ்கூல் பஸ்களை வாங்கிக் கண்ணைப் பறிக்கிற பெயின்ட் அடித்து ஓட்டுறாங்க.) மரத்தூள் செலவை இப்போ ஹோட்டல்காரங்க கொடுக்கிறாங்க. கெஸ்ட்டுகளும் ஒரு பிடி தூள் தூவி போட்டோ எடுத்துக்குவாங்க.

"கோபம் வரலையா செஞோ?"

"வரும். ஆனா அந்த கெஸ்ட்டுங்கதானே என்கிட்ட ஸ்பானிஷும் படிக்கிறாங்க? 2020-ல் யாருமே வராதப்போ ஆறு மாசம் எங்க வீட்டுல கறி எடுக்கலை. அவங்க வந்தா வீடு போகுது, வராட்டிச் சோறு போகுது. இதுல நான் யார் மேல கோபப்பட?"

ஜூன் மாதம், பாடம் எட்டு. தலைப்பு: சந்தையில். நான் டூரிஸ்ட், செஞோ வியாபாரி. பொருள், 'வீபில்'. மாயா இனப் பெண்கள் போடுகிற கைத்தறிச் சட்டை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டிசைன். சட்டையைப் பார்த்தே எந்த ஊர்ப் பொண்ணுன்னு சொல்லிடலாமாம்.

"க்வான்டோ க்வெஸ்டா?" எவ்வளவு?

"எண்ணூறு கெட்சால்."

"முய் காரோ!" ரொம்ப விலை!

புத்தகத்தில் இருந்த அத்தனை டயலாக்கையும் எடுத்துவிட்டேன். அந்தக் கடையில் குறைவு, நூல் சரியில்லை, சரி நான் கிளம்புறேன்... நானூறுக்கு இறக்கிட்டேன். செஞோ கை தட்டினாங்க. அப்புறம் சாதாரணமாத்தான் சொன்னாங்க. "நல்லா பேரம் பேசறீங்க. முதல் நாளே எனக்குத் தெரியும்."

மொட்டை மாடியில் டீ அப்படியே ஆறிப்போச்சு.

செஞோவின் அம்மா ஊர், பக்கத்தில் இருக்கிற சான் அன்டோனியோ அகுவாஸ் காலியென்டெஸ். நெசவுக்குப் பேர்போன கக்சிகேல் கிராமம். அம்மா நெய்கிறவங்க. தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பைச் சுற்றிப் பெல்ட் மாதிரி கட்டிக்கொண்டு, தரையில் மண்டி போட்டு நெய்யணும். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஒரே மாதிரி வருவதுதான் அந்த ஊர் ஸ்பெஷல். ஒரு வீபில் முடிய மாசக்கணக்கில் ஆகும். அதைத்தான் டூரிஸ்ட்டுங்க 'முய் காரோ' என்று பாதி விலைக்குக் கேட்பாங்க. பக்கத்திலேயே மெஷினில் பிரின்ட் அடித்த நகல் சல்லிசா தொங்குது. டிசைனை வெளிநாட்டு கம்பெனிக்காரங்க எடுத்துப் பையிலும் செருப்பிலும் போட்டு விற்கிறாங்க. இதை எதிர்த்து, அதே வட்டாரத்து நெசவுப் பெண்கள் 'அஃபேடெஸ்' என்ற அமைப்பாகச் சேர்ந்து 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. "எங்க டிசைன் ஒரு தனி ஆளோட சொத்து இல்லை, ஊரோட சொத்து. அதுக்குச் சட்டம் வேணும்" என்பதுதான் வழக்கு.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். எங்கம்மா வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க. "ஒரு பிளவுஸுக்கு எரநூறா? நூத்தம்பது வாங்கிக்கோங்கக்கா" என்று சொல்கிற ஒவ்வொருத்தர் மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வரும். சின்ன வயசில் ஒரு ஆன்ட்டி பேரம் பேசிட்டுப் போனதும் அவங்க செருப்பை ஒளித்து வைத்த ஆள் நான். ஜனவரியில் செஞோவிடம் 'ஒரே ஆள் சம்பளம்' என்று பிட்டுப் போட்டேனே, அதில் அம்மா தையலை விட்டுவிட்டேன் என்பதுகூட அன்றைக்குத்தான் உறைத்தது. மூணு டாலரைக் குறைக்க அம்மாவையே கணக்கிலிருந்து எடுத்திருக்கேன்!

ஸாரி சொல்லணும் என்று நினைத்தேன். எப்படின்னு தெரியலை. அடுத்த கிளாஸ், அடுத்த கிளாஸ் என்று தள்ளிப்போட்டேன்.

ஜூலை 9, புதன்கிழமை. ஆறரைக்கு லிங்க்கில் நுழைந்தேன். யாரும் இல்லை. ஏழு. ம்ஹூம். மெசேஜுக்கு ஒரே ஒரு டிக். சந்தேகம் வந்து நியூஸைத் தட்டினேன். குவாத்தமாலாவில் முந்தின நாள் பிற்பகலில் வரிசையாக நிலநடுக்கம். பெருசு 5.7 ரிக்டர். தொடர்ந்து நூற்றுக்கணக்கில் குட்டி அதிர்வுகள். ஆன்டிகுவாவுக்குப் பக்கத்தில், ஆகுவா எரிமலைச் சரிவில் இருக்கிற சான்டா மரியா டி ஹேசுஸ் கிராமத்தில் வீடுகள் இடிந்த படங்கள். உயிரிழப்பும் இருந்தது.

அன்றைக்கு ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் கிளாஸில் உட்கார்ந்திருந்தேன். போர்டில் ஷியர் ஃபோர்ஸ் டயகிராம். எனக்கு அது செஞோ வீட்டுச் சுவர் மாதிரியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டாவது டிக் விழுந்தது. பின்னாலேயே ஒரு போட்டோ. ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு வெடிப்பு. 'நாங்க நல்லா இருக்கோம். மூணு நாளா முற்றத்தில்தான் தூக்கம். இன்ஜினியர், இந்த ரூமுக்குள்ள போகலாமா?'

இன்ஜினியராம்! எனக்கு அரியர் ரெண்டு இருக்கு. தெரிஞ்ச மாதிரி சீன் போட வாய் வந்தது. ஆனா அது எட்டாவது பாடம் இல்லையே, வீடு. 'எனக்குத் தெரியலை செஞோ, கேட்டுச் சொல்றேன்' என்று அனுப்பினேன். எங்க சார் ராத்திரி பத்து மணிக்குத் திட்டாமல் போட்டோவைப் பார்த்தார். "ஜன்னல் மூலையில் ஆரம்பிக்கிற சாய்வு வெடிப்பு, சுவர் பக்கவாட்டு விசையில் அடி வாங்கினதுக்கு அடையாளம். போட்டோவை வெச்சு யாரும் சர்ட்டிஃபிகேட் கொடுக்க முடியாதும்மா. அதிர்வு நிக்காத வரைக்கும் அந்த ரூமில் படுக்க வேணாம், அங்க இருக்கிற இன்ஜினியர் நேர்ல பார்க்கட்டும்னு சொல்லு." அதை வரிக்கு வரி ஸ்பானிஷில் எழுதினேன். ஆறு மாசமா நான் படித்ததில் அந்த நாலு வரிதான் நிஜமா யாருக்காவது உபயோகப்பட்ட ஸ்பானிஷ். பத்து நாள் கழித்து ஆள் வந்து பார்த்தாங்களாம். அந்தச் சுவரை இடித்துக் கட்டச் சொல்லிவிட்டாங்க.

இதை எழுதப்போறேன்னு சொன்னதும் பொறுப்பாசிரியர் அண்ணா கேட்டார். "குவாத்தமாலாவா? நம்ம பசங்களுக்கு எதுக்குப்பா?" ஆன்லைனில் கைவினைப் பொருள் ஆர்டர் பண்ணி, 'ப்ரைஸ் டூ மச்' என்று ஒரு ஸ்டார் போடுகிற எல்லாருக்கும் சம்பந்தம் உண்டுண்ணா என்றேன். அந்த லிஸ்ட்டில் முதல் பேர் என்னோடது.

கிளாஸ் மறுபடி ஆரம்பித்த அன்று, ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணினதை ஒப்பித்தேன். "செஞோ, ஃபீஹெசே கே... இனிமேல் பத்து டாலர்தான் தருவேன்."

அவங்க சிரிச்ச சிரிப்பில் வீடியோவே ஆடியது. "வேணாம். பழைய ஸ்டூடன்ட், பழைய ரேட். ஏழு."

"பத்து."

"நீங்க படிக்கிற பொண்ணு. ஏழரை."

"சுவர் கட்டணும் செஞோ. பத்து."

"எட்டு. அதுக்கு மேல வாங்கினா எங்கம்மா திட்டுவாங்க."

"அந்தக் கடையில் பன்னிரண்டு சொல்றாங்க. நான் கிளம்புறேன்!" பாடம் எட்டு டயலாக்கைத் தலைகீழா எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து அவங்க அம்மா கக்சிகேலில் ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரிச்சாங்க.

ஒன்பதரையில் முடிந்தது. அம்மா கேமரா பக்கம் வந்து ஒரு வார்த்தை சொன்னாங்க. "மத்யோஷ்." கக்சிகேலில் நன்றி. குவாத்தமாலாவில் இருக்கிற 22 மாயா மொழிகளில் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வார்த்தை. நான் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பு தப்பாம். மூணு தடவை சொல்ல வைத்துத் திருத்தினாங்க.

அந்தக் கிளாஸுக்கு மட்டும் ஃபீஸ் வாங்கலை.